நாற்பத்தொன்றாவது கோணி

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று இருந்தது.

மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் எதற்கும் உருவம் இல்லை, நிறம் மட்டும் இருந்தது. சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்த கோணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டபடி நடந்தேன். ஈரச் சணல் விரலில் ஒட்டியது.

தொட்டியில் நிற்கும் செடிக்குத் தலையோடு கோணியைப் போர்த்தி, நடுவில் கயிறு கட்டினால், அது முக்காடு போட்டுக் குந்தியிருக்கும் ஓர் ஆளைப் போலவே இருக்கும். அது எனக்குத் தெரியாததல்ல. அப்படிக் கட்டச் சொன்னவளே நான்தான். மொத்தம் நாற்பது தொட்டிகள். முந்தைய மாலை நானே சரிபார்த்துவிட்டுப் போயிருந்தேன்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. அதற்கப்பாலும் ஒரு கோணி இருந்தது. மற்றவற்றைவிடச் சற்றுக் குட்டை. கையை நீட்டினேன். என் விரல் படுவதற்கு முன் அது இருமியது.

இந்தத் தொடரில் தொழிற்சாலை நாட்களைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து அந்த மார்கழிக் காலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். தொட்டிச் செடிகளைக் குளிரிலும் வெயிலிலும் காப்பாற்றுவது எப்படி என்று எழுதும்படி வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். செடிகளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஆபத்தில் இருந்தது செடி மட்டுமல்ல. கோணிக்குள் இருந்த தொழிலாளி ரத்தினம்மாவின் மூச்சும் ஆபத்தில் இருந்தது.

வெயில் கொன்ற இருபது

என் ஊர் சாமல்பட்டி. வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு, ஓசூரில் இரும்பு உதிரிப் பாகங்களுக்குத் துத்தநாகப் பூச்சு கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில், பாதுகாப்புப் பிரிவில் உதவி அலுவலராகச் சேர்ந்தேன். மனிதர்களுக்கு உபயோகமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது எனக்கு மிக அதிகம். அந்த எண்ணம் தனியே விடப்பட்டால் என்னென்ன செய்யும் என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

சேர்ந்த வாரமே அறுபது தூஜாச் செடிகள் என் பொறுப்பில் வந்தன. பூச்சுக்கூடத்தின் பின்சுவருக்கும், உணவுக்கூடத்துக்குப் போகும் நடைபாதைக்கும் இடையே அவை நின்றன. விசிறிகளை அடுக்கிச் செருகியது போன்ற தட்டை இலை, கூம்பு வடிவம். எந்தப் பருவத்திலும் இலை உதிர்க்காது. பங்குனியில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்வையிட வரும்போது பச்சையாக நிற்பது அவற்றின் வேலை.

அந்தக் கோடையில் இருபது போயின. காரணம் பிறகு புரிந்தது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, அடியில் சிமென்ட் தரை, பின்னால் வெயில் வாங்கிய சுவர். நிலத்தில் நிற்கும் செடியின் வேர் சூட்டுக்குப் பயந்து கீழே ஓடலாம். தொட்டிச் செடியின் வேருக்கு ஓட இடமில்லை. ஓரத்து வேர்கள் வெந்துவிடுகின்றன. இரக்கப்பட்டு நாங்கள் உச்சி வேளையில் ஊற்றிய தண்ணீர் அவற்றை இன்னும் வேகவைத்தது.

என்னைக் கலங்கவைத்தது அவை செத்த விதம். வேர் வெந்த பிறகும் ஆறேழு வாரம் இலை பச்சையாகவே இருந்தது. நாங்கள் நாள்தோறும் தண்ணீர் ஊற்றினோம், தூசி துடைத்தோம். வந்தவர்கள் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரே வாரத்தில் இருபதும் செம்புக் கம்பியின் நிறத்துக்கு மாறின. பிடுங்கியபோது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தன. எந்த நாளில் செத்தன என்பதை எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. நாங்கள் யாருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம் என்று பல நாள் யோசித்தேன்.

என் பெரியப்பா வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். நான் பள்ளியில் படித்த காலம். ஒரு மாசியில் அதிலிருந்த ஒரு மரம், இலையே தெரியாத அளவுக்குப் பூத்தது. பக்கத்துத் தோப்புக்காரர்கள் பார்க்க வந்தார்கள். பெரியப்பா மட்டும் அருகில் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “அது உள்ள ஒண்ணும் வெச்சிக்கலம்மா, அத்தனையும் வெளில வெச்சிடுச்சு” என்றார். அடுத்த மழைக்குள் மரம் பட்டுவிட்டது. வெட்டியபோது, தண்டுப்புழு குடைந்து குடைந்து உள்ளே ஒரு குழாய்தான் இருந்தது. அதே மரத்தடியில் நின்று நானும் கைதட்டியிருக்கிறேன்.

செடிக்கு ஸ்வெட்டர்

மிச்ச நாற்பதும் பங்குனியைப் பார்க்க வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

ஓசூரின் மார்கழியை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். காலை எட்டரை வரை மூட்டம் தரையை விட்டு எழுந்திருக்காது. பகலில் எல்லைப் பக்கமிருந்து ஒரு வறண்ட காற்று வந்து உதட்டை வெடிக்கவைக்கும். நான் இணையத்தில் தேடிப் படித்துக் குறிப்பெடுத்தேன். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வை. தொட்டிகளை நெருக்கி நிறுத்து. மூட்டத்தைப் பார்த்து ஏமாறாதே, காற்று இலையின் ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும், ஆகவே வெயில் ஏறியதும் பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்று. மாலையில் ஊற்றாதே. குளிர் முடியும்வரை உரம் வேண்டாம், கத்தரியும் வேண்டாம். மண்மேல் தேங்காய் நார் பரப்பு. இரவுக்குக் கோணி போர்த்தி, காலையில் எடு.

இவற்றில் பெரும்பகுதி எந்த ஊருக்கும் பொருந்தும். கோணி மட்டும் ஏரி உறையும் ஊர்களுக்காக எழுதப்பட்டது. அந்த வித்தியாசத்தை நான் பார்க்கவில்லை.

பேரிகை சாலையில் நர்சரி வைத்திருந்தவர் பார்த்தார். கோணி வாங்க எங்கே போவது என்று கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இது பனிமலைல நிக்கிற சாதிங்க மேடம். நம்மூரு குளிரு இதுக்கு ஃபேன் காத்து மாதிரி. கோணிய நீங்க போத்திக்கிங்க” என்றார். விற்கிறவர் வேறென்ன சொல்வார் என்று ஒதுக்கிவிட்டேன்.

தோட்டவேலை பார்த்தவர் ரத்தினம்மா. ஒப்பந்தத் தொழிலாளி, நாற்பத்தைந்து வயதிருக்கும். பேரிகைக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து விடியும் முன் வேன் ஏறி வருவார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், மேஸ்திரியிடம் கன்னடம். தலைமுறைகளாக அடுத்தவர் நிலத்தில் கூலி செய்த குடும்பத்திலிருந்து ஆலை வாசலுக்கு வந்த முதல் ஆள். நான் அவரை ரத்தினக்கா என்றேன். அவர் என்னை மேடம் என்றார். அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் சமமாகிவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன்.

முதல் மாலை நாற்பதையும் போர்த்தி முடித்ததும் அவர் இடுப்பில் கைவைத்து வரிசையைப் பார்த்தார். “செடிக்கெல்லாம் சொட்டர் போட்டாச்சு. எங்களுக்கு எப்ப மேடம்?” கூட்டித் துடைக்கும் ஐந்து பெண்களும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி என்று எடுத்துக்கொண்டேன். ஒப்பந்தப் பெண்கள் உணவுக்கூடத்தில் உட்காரும் வழக்கம் அங்கே இல்லை. கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆனாலும் உட்காரமாட்டார்கள். காலைச் சாப்பாட்டைக் குளிரில் நின்றபடியே தின்றார்கள். ஆகவே செடி வரிசைக்கும் சுவருக்கும் நடுவே அவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு போட ஏற்பாடு செய்தேன். இரண்டு முனைகளிலும் பச்சை நிழல்வலை கட்டி அடைத்தேன். உள்ளே போனால் காற்று நின்றுவிடும். அதற்காகவே கட்டினேன்.

நின்றுபோன சாரல்

இரும்பைப் பூச்சுக்கு முன் அமிலத் தொட்டியில் முக்கித் துரு நீக்குவார்கள். அதிலிருந்து எழும் ஆவியை விசிறி இழுத்து, பின்சுவரை ஒட்டி நின்ற ஒரு கோபுரத்துக்குள் அனுப்பும். கோபுரத்தில் மேலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆவி அதில் கழுவப்பட்டு மேலே போகும். சாரல் வெளியே தெறிக்காமலிருக்க உச்சியில் ஒரு தடுப்புத் தகடு உண்டு. அது உடைந்திருந்தது. புதிது கேட்டு எழுதியிருந்தார்கள், வரவில்லை.

பெஞ்சு போட்ட சில நாட்களில் ரத்தினம்மா வந்து, காலையில் தலைமேல் தூறல் விழுவதாகவும் குளிர் தாங்கவில்லை என்றும் சொன்னார். உடனே பராமரிப்புப் பிரிவின் செல்வத்திடம் போனேன். சேலத்துக்காரர், எதற்கும் இல்லை என்று சொல்லாத மனிதர். பெண்கள்மேல் அந்தத் தண்ணீர் விழுவதை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாளே வந்து, “நின்னுடுச்சுங்க மேடம்” என்றார்.

எப்படி நின்றது என்று நான் கேட்கவில்லை. நன்றி சொன்னேன். அன்று மாலை அறைக்குத் திரும்பும்போது, ஒரு வேலையை முடித்த நிறைவு இருந்தது.

கால் வட்டம்

மார்கழி பாதியில் இலை நுனிகள் கருகத் தொடங்கின.

குளிர்க்கருகல் என்று முடிவு செய்தேன். கோணியை இரட்டையாக்கினேன். குறிப்பில் இன்னொன்றும் இருந்தது: செடி ஒரு பக்கமாக வாடாமலிருக்க, வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பு. நல்ல யோசனைதான், இன்றும் நான் அதைச் செய்பவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஒவ்வொரு திங்களும் ரத்தினம்மாவும் நானும் தொட்டியின் விளிம்பைப் பிடித்து நாற்பதையும் திருப்பினோம். கருகல் எல்லாப் பக்கமும் சீராகப் பரவியது. சீராக இருந்ததால், குளிர் என்று நான் இன்னும் உறுதியாக நம்பினேன்.

அந்த இடம் மெல்ல மாறிக்கொண்டிருந்தது. மாறிய பிறகும் அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

மூட்டக் காலைகளில் சுற்றுச்சுவர்க் கம்பிவேலி முழுதும் சிலந்தி வலைகள் பனி கோத்து வெள்ளையாகத் தெரியும். எங்கள் நாற்பது செடிகளில் ஒரு வலைகூட இல்லை. காவலாளியின் அறைக்குப் பின்னால் குட்டி போட்டிருந்த நாய், வெதுவெதுப்பான அந்தச் சுவரோரத்தை விட்டு, திறந்த வெளியில் மண் தோண்டிப் படுத்தது. நிழல்வலை கட்டிய புதுக் கம்பி ஒரு வாரத்தில் சிவந்து, இரண்டாம் வாரத்தில் கையோடு உதிர்ந்தது. புதுக் கோணிகள், கயிற்றை இழுக்கும்போது நனைந்த காகிதம்போல ஓசையில்லாமல் கிழிந்தன.

ரத்தினம்மா ஒரு கிழிசலை விரலால் இன்னும் கிழித்துக் காட்டினார். “கோணி செத்துப்போச்சு மேடம்” என்றார். மட்டமான சரக்கு என்று நான் கடைக்காரரைத் திட்டினேன்.

ஒருநாள் அவர் தொட்டிகளைத் திருப்ப மனமில்லாமல் நின்றார். செடிக்குத் தெரியாததா, அது எந்தப் பக்கம் நோகுதோ அந்தப் பக்கத்தைக் காட்டுகிறது, நாம் ஏன் மறைக்க வேண்டும் என்ற பொருளில் ஏதோ சொன்னார். பாதி தெலுங்கில் சொன்னார். நான் குறிப்பை எடுத்து வாசித்து விளக்கினேன். அவர் குனிந்து திருப்பினார்.

அப்போதே இருமிக்கொண்டுதான் இருந்தார். ஐந்து பெண்களும் இருமினார்கள். ஓசூரில் மார்கழியில் இருமாதவர் யார்? தினமும் ஆறரைக்கு முதல் ஆளாக அந்த அடைப்புக்குள் போய்க் கோணிகளை அவிழ்த்து உதறுவது ரத்தினம்மா. அவர் இருமல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. வெறும் பாத்திரத்துக்குள் யாரோ கூப்பிடுவதுபோல. மாத்திரை வாங்கித் தந்தேன். அதுவும் ஓர் அக்கறைதான்.

நாக்கில் ஏறும் இரும்புச் சுவையை ஏன் கவனிக்கவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த வளாகத்தில் முதல் வாரம் அது எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் வாரம் யாருக்கும் தெரியாது.

கோணிக்குள்

மார்கழி முடியவிருந்த அந்தக் காலையில் இருமிய கோணியை நான் விலக்கினேன்.

ரத்தினம்மா சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு செடியின் இரட்டைக் கோணியில் ஒன்றை மட்டும் உருவித் தலைவழியாகப் போர்த்தியிருந்தார். கண்கள் திறந்திருந்தன, என்னைப் பார்த்தன. உதட்டில் ஊதா படர்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் மேலே ஏறி, அங்கேயே சற்று நேரம் நின்று, பிறகு இறங்கின. நான் எண்ணிக்கொண்டே வந்ததை அவர் முழுவதும் கேட்டிருக்கிறார். குரல் எழவில்லை.

அவரைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தேன். மீதிக் கோணிகள் அசையாமல் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. அவற்றுக்குள்ளும் யாரோ மூச்சுவிட முடியாமல் இருப்பதாக எனக்கு ஒரு கணம் தோன்றியது. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஆலை வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். என்ன வேலை என்று மருத்துவர் கேட்டார். மூச்சு சற்றுத் திரும்பியிருந்த ரத்தினம்மா, “தோட்ட வேலைங்க” என்றார். நானும் தலையாட்டினேன். தோட்டத்தில் வேலை செய்பவருக்குப் பனிக்காலத்தில் வரும் மூச்சிரைப்புக்கு என்ன தருவார்களோ அதைத் தந்தார்கள். பிராணவாயு வைத்தார்கள். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பி, ஓய்வெடுக்கச் சொன்னார்கள்.

திருப்பாத பன்னிரண்டு நாள்

அவர் இல்லாத நாட்களில் பொங்கல் விடுமுறையும் சேர்ந்துகொண்டது. மற்றப் பெண்கள் கோணிகளை ஒருமுறை அவிழ்த்து மூலையில் போட்டதோடு சரி. தொட்டிகளைப் பன்னிரண்டு நாட்கள் யாரும் தொடவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குப் போனேன். நாற்பது செடிகளிலும் நடைபாதைப் பக்கம் புதிதாக ஒரு நுனிகூடக் கருகவில்லை. பெஞ்சைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். சுவர்ப் பக்கம் நாற்பதும், உச்சி முதல் அடிவரை, ஒரே நேர்க்கோட்டில் வெந்திருந்தன. ஒருவர் முகத்தில் பாதியை மட்டும் யாரோ தேய்த்து எடுத்ததுபோல.

குளிர் அப்படிச் செய்யாது. குளிருக்குப் பக்கம் கிடையாது.

வெந்த இலைகளில் பனித்துளிகள் தொங்கின. ஆய்வகத்திலிருந்து அமிலம் சோதிக்கும் தாளைக் கொண்டுவந்து ஒரு துளியில் ஒற்றினேன். மஞ்சள் தாள் சிவந்தது. அடுத்த செடி. அடுத்தது. பெஞ்சின் மேல் படிந்திருந்த ஈரத்தில் ஒற்றினேன், ரத்தினம்மா வழக்கமாக உட்காரும் முனையில். அதுவும் சிவந்தது.

தலையை உயர்த்தினேன். மூட்டத்தின் எடை தாங்காமல், கோபுரத்தின் உச்சியிலிருந்து ஏதோ ஒன்று மேலே போகாமல் சுவர்வழியே மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு தூறல்கூட விழவில்லை.

செல்வத்தைத் தேடிப் போய்க் கோபுரத்தில் தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்டேன்.

“ஒம்போது மணிக்குத் தொறந்துவுடுவங்க.”

“ஆறு மணிக்கே அமிலத் தொட்டி ஓடுதே?”

அவர் என்னை வியப்போடு பார்த்தார். “நீங்கதான மேடம் நிறுத்தச் சொன்னீங்க? தகடு வர்றவரைக்கும் நான் வேற என்னாத்த பண்றது? பொம்பளைங்க சாப்புட்டு எழுந்ததும் தொறந்துவுடறன்.”

தினமும் மூன்று மணி நேரம். புகையை அளக்க வருபவர்கள் பதினொரு மணிக்குத்தான் வருவார்கள். அளவு எப்போதும் சரியாக இருந்தது.

அந்த நிமிடமே வால்வைத் திறக்கவைத்தேன். பெஞ்சைத் தூக்கவைத்தேன். வலையை என் கையாலேயே அறுத்தேன்.

யார் சொல்லி நின்றது

இரண்டு நாளில் விசாரணைக் குறிப்பின் வரைவு என் மேசைக்கு வந்தது. காரணம் என்ற இடத்தில், ‘பெண் பணியாளர்களின் புகாரின்பேரில் காலை நேரத்தில் நீர் நிறுத்தப்பட்டது’ என்று இருந்தது. பொய் என்று சொல்ல முடியாத வாக்கியம். அதில் நானும் இல்லை, உடைந்த தகடும் இல்லை. மேலாளர் என்மேல் உண்மையான பரிவோடுதான் பேசினார். பெயர்கள் வேண்டாம், நான் இளையவள், வேலையில் முதல் ஆண்டு என்றார்.

பேருந்து பிடித்து ரத்தினம்மாவின் ஊருக்குப் போனேன். வாசலில் கட்டிலில் உட்கார்ந்து முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். தேறிவிட்டார் என்றே தோன்றியது. முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. தண்ணீரை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். வரும் வழியெல்லாம் தயாரித்த வாக்கியங்கள் அந்த ஒன்றோடு தீர்ந்துவிட்டன.

அவர் முறத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை. “உங்ககிட்ட சொன்னது யாரு? நாந்தான.”

“அப்படித்தான் எழுதியும் இருக்காங்க அக்கா.”

கை நின்றது. “நான் தண்ணி மேல வுழுது, குளுருதுன்னு சொன்னன். அந்தாண்ட இருக்கற வெசத்த எம்மேல வுடுன்னா சொன்னன்?”

 அவர் மறுபடியும் காயை உரிக்கத் தொடங்கினார். பிறகு அவராகவே செடிகளைப் பற்றி விசாரித்தார். பாதிக்குமேல் பச்சையாகத்தான் இருக்கின்றன என்றேன்.

“பச்ச இருக்குதான்னு கேக்கல. நகத்தால பட்டையக் கீறி உள்ள உயிரு இருக்குதான்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கட்டில் சட்டத்தில் ஊன்றி, தோளை உயர்த்தி, மூச்சை வாங்கினார். மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த மூச்சுக்குள் ஒரு மெல்லிய விசில் கேட்டது. நான் வந்ததிலிருந்து அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியே ஏதோ பறவை என்று நினைத்திருந்தேன்.

அந்த ஆலையில் நான் பிறருக்காகச் செய்தவை எல்லாமே அவர்களைக் கேட்காமல் செய்தவை. அன்று கேட்டேன். பூச்சுக்கூடத்து நிரந்தரத் தொழிலாளிகளுக்கு ஆண்டுதோறும் மூச்சு ஊதிப் பார்க்கும் சோதனை உண்டு. ஒப்பந்தப் பெண்களுக்குக் கிடையாது. ஆறு பேருக்கும் கேட்டு எழுத முடியும். நுரையீரல் கெட்டிருப்பது காகிதத்தில் ஏறினால், வைத்தியத்தை ஆலை ஏற்றாக வேண்டும். ஆனால் அதே காகிதத்தைக் காட்டி, இந்த ஆள் வேலைக்கு லாயக்கில்லை என்று ஒப்பந்ததாரர் நிறுத்தவும் கூடும். ஊதாமலிருந்தால் அடுத்த திங்களே அவர் வேலைக்குத் திரும்பலாம். இரண்டையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

“மத்த அஞ்சு பேரு?” என்றார்.

அவர் ஊதினால் அவர்களும் ஊதுவார்கள், அவர் மறுத்தால் யாரும் வரமாட்டார்கள் என்று சொன்னேன்.

“பஸ்சு வந்துரும், கெளம்புங்க” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வரைவைத் திருத்தி, நீரை நிறுத்தக் கோரியது நான் என்று என் பெயரையும், எத்தனை நாட்களாகத் தகடு உடைந்திருக்கிறது என்பதையும் எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மேலாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டு மேசை இழுப்பறையில் வைத்தார். ஓராண்டுக்குப் பின் என் பணி நீட்டிக்கப்படவில்லை. அது இதற்காகத்தானா என்று எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. ஆறு பேருக்கும் சோதனை கேட்டு நான் எழுதிய கடிதத்தில் மட்டும் மேலாளர் அன்றே கையெழுத்திட்டார்.

ஊதல்

சோதனை நாளன்று ரத்தினம்மா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்பதரைக்கு, துவைத்து மடித்த புடவையில், முதலுதவி அறையின் வாசலில் நின்றிருந்தார்.

ஆலைக்கு வாரம் ஒருமுறை வரும் மருத்துவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்றார். மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கொடுத்து, நெஞ்சு நிறைய இழுத்து ஒரே மூச்சில் முழுவதையும் வெளியே தள்ளச் சொன்னார்.

ஊதினார். திரையில் ஒரு கோடு எழுந்து, பாதி உயரத்தில் சாய்ந்து, தரையோடு படுத்துக்கொண்டது. குழாய்க்குள் அந்த விசில் கேட்டது. காற்று தீர்ந்த பிறகும் அது கொஞ்ச நேரம் கேட்டது. மருத்துவர் இன்னொருமுறை ஊதச் சொன்னார். பிறகு இன்னொருமுறை. மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. மருத்துவர் இப்போது அவரைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தினம்மா கிளிப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“பாஸா மேடம்?”

“இல்லக்கா.”

அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். தலையை ஒருமுறை அசைத்தார்.

“அப்ப அதயே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.”

மருத்துவர் எழுதத் தொடங்கினார். கதவுக்கு வெளியே மற்ற ஐந்து பேரும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.